பூக்கும்போது மிளகாய்ச் செடி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

கேள்வி: "அண்ணே, நாங்கள் மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் பொலிபேக்கில் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பையில்) குலாய் என்ற நீள மிளகாய் வைத்திருக்கிறேன். என் செடி ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவின் செடி இடுப்பளவு வளர்ந்த பிறகுதான் பூத்தது. எது அதிகமாகக் காய்க்கும்? முதல் பூவைக் கிள்ளிப் போடு என்கிறார் அக்கா. வந்த பூவை யாராவது கிள்ளுவார்களா என்று என் வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். வெண்டைக்கும் அவரைக்கும்கூட இதே கணக்குதானா?"

தங்கச்சி, முதலில் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவிடுவோம். உங்கள் செடியில் பூவைக் கிள்ளுங்கள். அக்காவின் செடியில் கிள்ள வேண்டாம். அக்கா உங்களுக்குச் சொன்னது சரியான யோசனை, ஆனால் அதைத் தன் செடியில் அவர் செய்யக்கூடாது. உங்கள் வீட்டுக்காரர் சொல்வது அக்கா வீட்டுச் செடிக்குப் பொருந்தும். ஒரே தெருவில் இரண்டு செடிக்கு இரண்டு பதில் ஏன் என்பதை விளக்கமாகவே சொல்கிறேன். இல்லாவிட்டால் அடுத்த தடவை நடும்போதும் அடிக்கோலை எடுத்துக்கொண்டு நிற்பீர்கள்.

மிளகாய்ச் செடி எப்படி வளர்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். விதை முளைத்ததும் ஒற்றைத் தண்டாகத்தான் மேலே போகும். ரகத்தைப் பொறுத்து எட்டிலிருந்து பதினைந்து இலை வரை விடும். அப்புறம் அந்தத் தண்டின் நுனியே மொட்டாக மாறிவிடும். நடுத்தண்டின் வளர்ச்சி அதோடு முடிந்தது. மொட்டின் அடியிலிருந்து இரண்டு கிளைகள், சில சமயம் மூன்று, கவட்டையாகப் பிரியும். மலாய்க்காரத் தோட்டக்காரர்கள் இதை ஒய் கிளை என்பார்கள், நம் ஆட்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். பிரிந்த ஒவ்வொரு கிளையும் ஓரிரு இலை விட்டு, நுனியில் ஒரு பூ வைத்து, மறுபடியும் இரண்டாகப் பிரியும். செடி உயிரோடு இருக்கும் வரை இதே வேலைதான்.

ஆகவே முதல் கவட்டையில் 1 பூ, அடுத்த அடுக்கில் 2, அதற்கு மேல் 4, 8, 16, 32. ஆறு அடுக்கைக் கூட்டினால் 63 பூ. இது காகிதக் கணக்கு. நிஜத்தில் பாதிக் கிளை நிழலில் மெலியும், பாதிப் பூ உதிரும். ஆனாலும் ஒரு விஷயம் இதிலிருந்து தெளிவாகத் தெரிகிறது. மிளகாயில் விளைச்சல் முதல் பூவிலோ இரண்டாம் பூவிலோ இல்லை. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது அடுக்கில்தான் மூட்டையே இருக்கிறது. அந்த அடுக்குகளைத் தாங்கும் அளவுக்குச் செடிக்குக் கீழே வேரும் பக்கத்தில் இலையும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. "பூக்கும்போது எத்தனை அங்குலம்" என்று கேட்பது இதைச் சுற்றி வளைத்துக் கேட்பதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மிளகாய் பெரும்பாலும் இலைக் கணக்கு முடிந்ததும் பூக்கிற செடி. இத்தனை அடி வளர்ந்தால்தான் பூப்பேன் என்று அதற்குக் கணக்கு கிடையாது, பகல் நீளத்தையும் பெரிதாக மதிக்காது. உங்கள் செடியும் அக்காவின் செடியும் ஒரே ரகமாக இருந்தால், முதல் பூவுக்குக் கீழே இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இலை விட்டிருக்கும். நாளைக் காலையில் இரண்டு செடிக்குப் பக்கத்திலும் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். மண்ணிலிருந்து கவட்டை வரை, நிற்கிற இலையையும் எண்ணுங்கள், இலை உதிர்ந்த இடத்தில் தண்டில் பிறை மாதிரி தெரியும் தழும்பையும் எண்ணுங்கள். உங்களுடையதில் பத்து, அக்காவுடையதில் பதினொன்று என்று வரலாம். வித்தியாசம் இலைக்கும் இலைக்கும் நடுவில் உள்ள தண்டின் நீளத்தில் இருக்கும். உங்கள் செடியில் அந்த இடைவெளி ஒரு விரல் அகலம்கூட இருக்காது. அக்காவின் செடியில் நான்கு விரல் வைக்கலாம். அப்படியே தண்டையும் பிடித்துப் பாருங்கள். உயரமான செடியின் தண்டு சுண்டுவிரலில் பாதிதான் இருக்கிறது என்றால், அந்த உயரம் பலம் இல்லை.

இரண்டுமே சரியான உயரம் இல்லை என்பதுதான் என் கருத்து. குலாய் வகை மிளகாய்க்கு, பொலிபேக்கில், மண்ணிலிருந்து முதல் கவட்டை வரை ஏறக்குறைய 25 முதல் 35 சென்டிமீட்டர் இருந்து, தண்டு பென்சில் பருமனுக்குக் குறையாமல், கீழ் இலைகள் இன்னும் பச்சையாக இருந்தால் அது நல்ல செடி. 15 சென்டிமீட்டருக்குக் கீழே கவட்டை விழுந்தால் செடி எதிலோ நெருக்கடியில் இருக்கிறது. 45-ஐத் தாண்டி விழுந்தால் பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை, அல்லது தழைச்சத்து (நைட்ரஜன்) மிதமிஞ்சிப் போயிருக்கிறது. இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரகத்துக்கு ரகம் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

முதலில் நெட்டைக்குக் காரணம் சொல்கிறேன். தாமான் வீடுகளில் நிழல்தான் பெரிய தலைவலி. பச்சை இலை சூரிய ஒளியில் உள்ள சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும், அதற்கு அடுத்திருக்கும் தொலைசிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். மற்ற செடிகளுக்கு நடுவே நெருக்கமாக நிற்கும் மிளகாய்க்குச் சிவப்பு குறைந்து தொலைசிவப்பு கூடிய வெளிச்சம்தான் வந்து சேரும். பக்கத்தில் ஆள் நிற்கிறது, முந்த வேண்டும் என்பதற்கு அது ஒரு சைகை. உடனே தண்டை நீட்டும், பருமனை விட்டுவிடும். பையைப் பையோடு ஒட்டி வைத்தால் நடப்பது இதுதான். இரண்டு பைகளின் நடுத்தண்டுக்கும் இடையே இரண்டு அடியாவது விடுங்கள். போர்ச்சில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வரும் இடத்தில் வைத்தாலும் செடி கழுத்தை நீட்டிக்கொண்டுதான் போகும். நேரடி வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும்.

வெயில் விஷயத்தில் நம் ஊரில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சுங்கை சிப்புட் ஏறக்குறைய 5 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகும். மீதி மாதங்களில் தெற்கே போகும். டிசம்பர் கடைசியில் உச்சியிலிருந்து 28 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது 7 மீட்டர் உயரமுள்ள இரண்டு மாடி வீடு நண்பகலிலேயே தன் வடக்குப் பக்கத்தில் மூன்றரை மீட்டருக்கு மேல் நிழல் போடும். பல வீடுகளில் பின்பக்க இடம் மொத்தமே அவ்வளவுதான். பின்வாசல் வடக்குப் பார்த்த வீட்டில் ஜூனில் நட்ட செடி கட்டையாக, தடியாக வரும். அதே விதை, அதே பை, நவம்பரில் நட்டால் நெட்டையாகப் போகும். தெற்குப் பார்த்த பின்பக்கத்துக்கு இது தலைகீழ். நீங்களும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரே வரிசையில் இருந்தால் திசை ஒன்றுதான். ஆனால் அவர் கூரையை நீட்டிப் போட்டிருக்கிறாரா, சுவரோரம் வாழை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்தது பாஜா, அதாவது உரம். எஸ்டேட்டில் இருந்து வந்த நமக்கு ஒரு பழக்கம் உண்டு. செடி கொஞ்சம் வெளுத்தால் கை யூரியாவைத் தேடும். தழைச்சத்து கூடினால் இலை கரும்பச்சையாகும், தண்டு ஓடும், பூ தள்ளிப்போகும், வந்த பூவும் உதிரும். ஆட்டு எருவோ கோழி எருவோ மக்காமல் போட்டாலும் கிட்டத்தட்ட இதே கதைதான், வேர் வேகும் ஆபத்து வேறு. செம்பனைக்குப் போட்ட பாஜாவில் மிச்சம் கிடைத்தது என்று கொண்டுவந்து போடுகிறவர்களும் உண்டு. அந்த இளஞ்சிவப்புப் பொட்டாஷ் பொட்டாசியம் குளோரைடு. முப்பது அடி மரத்துக்கு அது சரி. பொலிபேக்கில் இருக்கும் மிளகாய் வேருக்கு உப்பு தாங்காது. வீட்டுக்கு 12:12:17:2 என்று மூட்டையில் போட்டிருக்கும் நீல என்பிகே போதும். பத்து நாளைக்கு ஒரு தடவை ஒரு தேக்கரண்டி, தண்டில் படாமல், பையின் ஓரத்தில்.

விதையும் ஒரு காரணமாக இருக்கலாம். பசாரில் வாங்கிய பழுத்த மிளகாயைப் பிளந்து விதை எடுத்து நட்டால், அது பெரும்பாலும் கலப்பின விதையில் விளைந்த காய். அதன் விதைகள் தாயைப் போலவே வராது. ஒரே காயின் விதையிலிருந்து ஒன்று குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் வரும். அதற்கு நீங்களும் பொறுப்பில்லை, வெயிலும் பொறுப்பில்லை. நாலைந்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து நல்ல விதைப் பாக்கெட் வாங்கிவிட்டால் இந்தக் குழப்பம் இருக்காது.

சரி, உங்கள் குட்டைக்கு வருவோம். பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். நாற்று சின்னத் தட்டிலோ பிளாஸ்டிக் கோப்பையிலோ அதிக நாள் இருந்துவிட்டது. மிளகாய் நாற்றை மூன்று, நான்கு வாரத்தில், நான்கிலிருந்து ஆறு நிஜ இலை வந்ததும் மாற்றிவிட வேண்டும். அதைத் தாண்டினால் வேர் கோப்பைக்குள் சுற்றிச் சுற்றிப் பந்தாகிவிடும். தண்டு கட்டைபோல் இறுகிவிடும். ஆனால் இலைக் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கணக்கு முடிந்ததும், சாண் உயரத்தில் நின்றாலும், மொட்டு வைத்துவிடும். பை சின்னதாக இருந்தாலும் இப்படித்தான். குலாய்க்கு 16 அங்குலத்துக்கு 16 அங்குலப் பை வேண்டும். மைலோ டின்னில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், காய் பத்துக்கு மேல் போகாது.

மண்ணையும் பாருங்கள். நம் பக்கத்துச் செம்மண் புளிப்பு மண். பிஎச் 4.5, 5 என்றுதான் நிற்கும். மிளகாய்க்கு 6-லிருந்து 6.8 வரை பிடிக்கும். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் குட்டையாக்கிவிடும், மணிச்சத்தும் (பாஸ்பரஸும்) மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மேலே எவ்வளவு பாஜா போட்டாலும் செடி எழும்பாது. நடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் பைக்கு ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்பு கலந்து வையுங்கள். கொக்கோபீட்டில் (தேங்காய் நார்த்தூளில்) வளர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் சத்தும் இல்லை, தினமும் தண்ணீரோடு பாஜா கொடுத்தே ஆக வேண்டும்.

கிள்ளுவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். நுனி இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டிருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, ஒடுங்கி, அடியில் பழுப்பு மினுமினுப்பு தெரிந்தால் சிலந்திப் பேன். மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக, இலை கோணலாக இருந்தால் வைரஸ். அசுவினியும் வெள்ளை ஈயும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும், அதற்கு மருந்தில்லை. வைரஸ் வந்த குட்டைச் செடியில் பூவைக் கிள்ளி, உரம் போட்டு, தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பது வீண். பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் நல்ல செடிகளை அது விட்டுவைக்காது.

இலை நன்றாக இருக்கிறது, செடி மட்டும் குட்டை என்றால், இப்போது கிள்ளலாம். ஏன் என்று உங்கள் வீட்டுக்காரருக்குப் புரியும்படி சொல்கிறேன். செடி இலையில் தயாரிக்கும் சர்க்கரையை வேர், இளம் இலை, தண்டு, காய் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. காய் என்பது பந்தியில் முதலில் உட்காரும் சம்பந்தி மாதிரி. அதற்குப் பரிமாறிய பிறகுதான் மற்றவர்களுக்கு. எட்டு, பத்து இலை உள்ள சின்னச் செடியில் ஒரு காய் பிடித்துவிட்டால், அது சிவந்து முடிய ஆறிலிருந்து எட்டு வாரம் எடுக்கும். அவ்வளவு நாளும் வேரும் புதுக் கிளையும் மிச்சத்தைத்தான் சாப்பிட வேண்டும். அதோடு, வளர்கிற காய்கள் இருக்கும்போது மேலே புதிதாக வரும் பூக்களைச் செடி தானாகவே உதிர்க்கும். மிளகாயில் இது இயல்பான குணம். ஆக, அந்த ஒரு காயைக் காப்பாற்றப் போய் நான்காம், ஐந்தாம் அடுக்கில் வரவேண்டிய எட்டு, பதினாறை இழக்கிறோம்.

கிள்ளுவது இப்படி. கவட்டையின் நடுவில் பாருங்கள். பச்சைக் காம்பு ஒன்று வளைந்து, வெள்ளைப் பூ தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். மொட்டாக இருக்கும்போதே, மிளகு அளவில் இருக்கும்போது, காம்பைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்தால் 'டக்'கென்று வந்துவிடும். இழுக்காதீர்கள். இழுத்தால் கவட்டையின் தோல் உரியும், மழைக்காலத்தில் அந்தக் காயம் அழுகும். பக்கத்தில் ஊசி மாதிரி எழும்பும் இரண்டு கிளை நுனிகளில் நகம் படக்கூடாது, அவைதான் நாளைய செடி. முதல் கவட்டையில் ஒன்று, அடுத்த அடுக்கில் இரண்டு, இந்த மூன்றையும் எடுங்கள். செடி ரொம்பவே குட்டையாக இருந்தால் மூன்றாம் அடுக்கின் நான்கையும் எடுக்கலாம். அதற்கு மேல் எடுக்க வேண்டாம். முதல் அறுவடை இரண்டு, மூன்று வாரம் தள்ளிப்போகும், அதுதான் இதற்குக் கொடுக்கிற விலை. தீபாவளிச் சமையலுக்கே பறிக்க வேண்டும் என்று நாள் குறித்து வைத்திருந்தால், முன்கூட்டி எண்ணி நட வேண்டும். கடைசி நேரத்தில் பூவைக் காப்பாற்றி நாளைப் பிடிக்க முடியாது.

கிள்ளுவதோடு பையையும் மாற்றுங்கள். வேர் பந்தாகிவிட்டிருந்தால் அடியில் சுற்றியிருக்கும் வேரை விரலால் கொஞ்சம் பிரித்துவிட்டுப் பெரிய பையில் வையுங்கள். இதைச் செய்யாமல் பூவை மட்டும் கிள்ளினால் செடி சாண் உயரத்திலேயே அடுத்த பூவை வைக்கும், அவ்வளவுதான். தக்காளியைப் போலக் கழுத்து வரை புதைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். தக்காளித் தண்டு எங்கே புதைத்தாலும் வேர் விடும். மிளகாய்க்கு அந்த அளவு திறமை இல்லை. விதையிலை இருந்த இடம் வரை புதைத்தால் போதும். ஆழமாகப் போனால் நம் மழையில் தண்டடி அழுகும்.

அக்காவின் நெட்டைச் செடிக்கு வைத்தியம் நேர் எதிர். அங்கே செடி இலைக்கும் தண்டுக்குமே எல்லாவற்றையும் செலவழிக்கிறது. முதல் பூவைக் கிள்ளினால் இன்னும் ஓடும். அதை விட்டுவைத்தால் காய் பிடித்து, சத்தைத் தன் பக்கம் இழுத்து, ஓட்டத்துக்கு ஒரு பிரேக் போடும். கூடாரத்துக்குள் குடைமிளகாய் வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள். செடி தழைத்துக்கொண்டே போனால் கீழ்க் காயை விட்டுவைப்பார்கள், சோர்ந்தால் எடுப்பார்கள். குட்டையில் கிள்ளு, நெட்டையில் விடு என்று நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூடவே யூரியாவை நிறுத்திவிட்டு, பையை வெயிலுக்கு நகர்த்தி, ஒரு குச்சி நட்டு, கவட்டைக்குக் கீழே ஓர் எட்டு வடிவ முடிச்சுப் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் சாயங்காலம் அடிக்கிற மழைக்காற்றில் நெட்டைச் செடி காயோடு சாய்ந்தால், கவட்டையில்தான் பிளக்கும்.

உயரத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கவட்டை மிகக் கீழே இருந்தால் காய்கள் மண்ணுக்குப் பக்கத்தில் தொங்கும். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது பூஞ்சை வித்துகளும் சேர்ந்து தெறிக்கும். பழுக்கும் காயில் வட்ட வட்டமாகக் குழி விழுந்து கறுத்துப்போகிறதே, இங்கே பாத்தேக் என்பார்கள், அது இப்படித்தான் அதிகம் பரவுகிறது. உங்கள் குட்டைச் செடியின் அடியில் காய்ந்த லாலாங் புல்லைப் பரப்புங்கள். வெள்ளி நிறப் பிளாஸ்டிக் தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. அது கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்போது இலைப்பேனும் அசுவினியும் இறங்க இடம் தெரியாமல் தடுமாறும்.

கவட்டைக்குக் கீழே, இலைக் கக்கங்களில் துளிர்க்கும் பக்கக் கிளைகளை என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். செடி நல்ல உயரத்தில் இருந்தால் அவற்றை எடுத்துவிடுங்கள். காற்று ஓடும், தெறிப்பு குறையும், சத்து மேலே போகும். செடி குட்டையாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். அந்த இலைகள்தான் இப்போது வேரை வளர்க்கின்றன. மேலே மூன்று அடுக்கு வந்த பிறகு எடுக்கலாம். இலையை விட்டு, துளிரை மட்டும் கிள்ளுங்கள். காலையில், இலை காய்ந்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பவர் என்றால், கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் செடியைத் தொட வேண்டும். புகையிலையில் இருக்கும் மொசைக் வைரஸ் விரல் வழியாக மிளகாய்க்கு ஏறும். சண்டையில் உங்களுக்கு இது ஒரு கூடுதல் ஆயுதம்.

நடுத்தண்டின் நுனியையே கிள்ளிவிட்டால் புதர்போல வருமே என்று கேட்பவர்களும் உண்டு. வரும். ஆனால் மிளகாய் தானாகவே பிரிகிற செடி, நாம் பிரித்துவிடத் தேவையில்லை. சாமந்திக்குச் செய்கிற வேலையை இதற்குச் செய்தால் மூன்று வாரம்தான் வீணாகும்.

இப்போது விளைச்சல் கணக்கு. நன்றாக வளர்ந்த குலாய்க் காய் ஒன்று 10-லிருந்து 15 கிராம் இருக்கும். வீட்டுப் பொலிபேக்கில் ஒரு செடி தன் ஆயுளில் ஒரு கிலோவைத் தாண்டினால் அதை நல்ல விளைச்சல் என்பேன். அதாவது எண்பது, நூறு காய். உங்கள் குட்டைச் செடியை அப்படியே விட்டிருந்தால் சீக்கிரம் நாலைந்து காய் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றிருக்கும். அக்காவின் செடி முதலில் ஏமாற்றும். பெரிய செடி, நிறையப் பூ, பாதி உதிரும். ஆனால் வெயில் கிடைத்து நிமிர்ந்துவிட்டால் உங்கள் செடியை முந்தக்கூடும், ஏனென்றால் அதற்கு இலை இருக்கிறது. கடைசியில் காய்ப்பைத் தீர்மானிப்பது எத்தனை மாதம் செடி நோயில்லாமல் நிற்கிறது என்பதுதான். பூக்கும்போதைய உயரம் முதல் இரண்டு மாதத்தின் கதையைத்தான் சொல்லும்.

பறிப்பதிலும் கணக்கு இருக்கிறது. எல்லாக் காயும் சிவக்கட்டும் என்று விட்டால், அவ்வளவு நாளும் புதுப் பூ நிற்காது. அலை அலையாக, ஒரு பெரிய பறிப்பு, அப்புறம் சில வாரம் ஒன்றுமில்லை என்று வரும். முதல் அலையில் பாதியைப் பச்சையாகவே பறித்து மோர் மிளகாய்க்கோ சாம்பாருக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி குறையும். பிப்ரவரி, மார்ச்சில் மதிய வெயில் 34 டிகிரியைத் தொடும் வாரங்களில் எப்படியும் பூ உதிரும். அதற்காகப் பயந்து உரம் போடாதீர்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தண்ணீர் தவறாமல் கொடுங்கள். நாள் முழுக்கக் காயவிட்டு ராத்திரி குடம் குடமாக ஊற்றினால் பூவும் போகும், காயின் நுனியும் கறுக்கும்.

ஏழெட்டு மாதத்தில் கிளைகள் மெலிந்து, காய் சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்துவிடும். அப்போது செடி ஆரோக்கியமாக இருந்தால், முதல் கவட்டைக்கு மேல் இரண்டு அடுக்கை விட்டு மீதியை வெட்டிவிடலாம். நம் நாட்டில் குளிர்காலம் கிடையாது, மிளகாய் இங்கே வருஷக்கணக்கில் நிற்கக்கூடிய செடி. மறுபடி துளிர்க்கும். காய் முதல் சுற்றைவிடச் சற்றுச் சின்னதாக இருக்கும், அதை எதிர்பார்த்தே வெட்டுங்கள். சிலி பாடிக்கு, அதாவது சின்னக் காரமான மிளகாய்க்கு, இந்தக் கவலைகள் எதுவுமே பெரிதாக இல்லை. அது எந்த உயரத்தில் பூத்தாலும் பிறகு தோள் உயரத்துக்குப் போய், ஒரு வருஷத்துக்கு மேல் காய்த்துக்கொண்டிருக்கும். முதல் பூவை விட்டாலும் கிள்ளினாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

வெண்டைக்கு வருவோம். அதன் கட்டுமானமே வேறு. நடுத்தண்டு பூவில் முடிவதில்லை. தண்டு மேலே போய்க்கொண்டே இருக்கும், ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் ஒரு பூ, ஒரு காய். ஐந்தாம், ஆறாம் கணுவிலேயே பூத்தால் அதற்குக் கீழே வெறும் கணு குறைவு, காய் சீக்கிரம் வரும். அதனால் வெண்டை குட்டையாக இருக்கும்போதே பூத்தால் சந்தோஷப்படுங்கள், கிள்ளாதீர்கள். பூத்த ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும் என்பதுதான் அங்கே முக்கியம். ஒரே ஒரு காயை விதைக்கு முற்றவிட்டாலும் செடி சோம்பிவிடும்.

அவரைதான் உண்மையிலேயே பகல் நீளம் பார்க்கிற செடி. அதிலும் பந்தலில் ஏறும் பழைய ரகங்கள். தமிழ்நாட்டில் ஆடிப்பட்டத்தில் விதைத்தால் அப்போது பகல் நீளம், கொடி தழைக்கும். ஐப்பசிக்குப் பிறகு பகல் சுருங்கும், அதைப் பார்த்துப் பூக்கும், தைக்குள் பந்தல் நிறையக் காய். திருச்சிப் பக்கம் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம் வித்தியாசம் இருக்கும். நமக்கு அரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இங்கே வருஷம் முழுக்க அவரைக்குக் குறுகிய பகல்தான். ஊரிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த விதையை ஆடியில் போட்டாலும் தையில் போட்டாலும் அது காத்திருக்காது, கொடி முழுதாகத் தழைப்பதற்குள் பூவுக்குப் போய்விடக்கூடும். இலைக்குக் கிடைக்கும் காலம் குறைவு என்பதால் குழியை முதலிலேயே ஆழமாக வெட்டி, மக்கிய எருவும் சுண்ணாம்பும் கலந்து, முதல் மாதத்திலேயே அதைத் தழைக்க வைத்துவிட வேண்டும். பந்தல் உயரம் தொட்டதும் கொடியின் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கொடிகள் ஓடும். பூங்கொத்தில் கை வைக்க வேண்டாம்.